கடைசியில ஆளு வந்துருதா?

யட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு றப்பர் தோட்டத்தில், மேற்கணக்கு என்கிற மேல்பிரிவில், கோகிலா பால் வெட்டுகிறாள். வயது நாற்பத்தெட்டு. வெயில் ஏறுவதற்குள் முந்நூறு மரத்தைச் சுற்றி வந்துவிட வேண்டும். அப்புறம் சிரட்டைகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிச் சுமந்து நிறுவைக்குக் கொண்டுபோக வேண்டும். மழை பெய்த காலையில் மட்டும் இது எதுவும் இல்லை. பட்டை நனைந்திருந்தால் கத்தி வைக்கக் கூடாது; பால் சிரட்டைக்கு வராமல் மரத்தோடு வழிந்து மண்ணுக்குப் போய்விடும். மழை நாளில் வருகைப் புத்தகத்தில் பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளம் கிடையாது. ஆகவே லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் வானத்தைத் திட்டுவார்கள். கோகிலாவும் மனசாரத் திட்டுவாள். திட்டி முடித்ததும் உள்ளே போய், டிவியின் பின்பக்கம் பென் டிரைவைச் செருகுவாள்.

அவள் பார்ப்பது யுத்தப் படம். அதிலும் பழசு, பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. எந்த ஊர் மொழி என்பதே பாதி நேரம் தெரியாது. பனி கொட்டுகிற ஏதோ ஒரு ஊருக்குள் சிப்பாய்கள் வருவார்கள். ஊர்ச் சனங்கள் தங்கள் ஆட்களை வைக்கோலுக்குள் ஒளித்துவைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள் போல அடுப்பு ஊதிக்கொண்டிருப்பார்கள். பக்கத்து வீட்டுக் காம்பிராக்காரிகள் எட்டிப் பார்த்து, "ஒனக்கு வேற படமே கெடைக்கலியாடி? ஒரு பாட்டு உண்டா, ஒரு சிரிப்பு உண்டா" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். புருசன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறவர், வருசத்துக்கு இரண்டு தடவை வருவார். மகள் சர்மிளா ஆடைத் தொழிற்சாலை விடுதியில் இருக்கிறாள். வீட்டில் ஆள் குறையக் குறைய இந்தப் பழக்கம் கூடிக்கொண்டே வந்தது.

பழக்கம் பிடித்த இடம் கொழும்பு. பன்னிரண்டு வயதில் அவளை அங்கே ஒரு வீட்டில் வேலைக்கு விட்டார்கள். சின்னப் பிள்ளையை வேலைக்கு விடுவது குற்றம் என்று இப்போது சுவரில் எழுதி வைக்கிறார்கள். அப்போது அதற்கு உதவி என்று பெயர். அந்த வீட்டு ஐயா பின்னேரங்களில் வீடியோ டெக்கில் கசெட் போட்டு யுத்தப் படம் பார்ப்பார். அவர் அவளிடம் இரண்டு சொல் சேர்ந்தாற்போல் பேசினவர் இல்லை. உட்காரச் சொன்னதும் இல்லை. அவள் தரை துடைக்கிற சீலையோடு கதவோரத்தில் நின்று பார்த்தாள். ஒரு படத்தில், ஆற்றங்கரையில் துணி துவைக்கிற ஒரு பெண்ணிடம் சிப்பாய்கள் வந்து, ஆண்களெல்லாம் எங்கே என்று கேட்கிறார்கள். அவள் தலையைத் தூக்காமல் துவைத்துக்கொண்டே இருக்கிறாள். ஒருவன் துணியைக் காலால் தட்டிவிடுகிறான். அவள் அதை எடுத்து மறுபடியும் துவைக்கிறாள். கோகிலாவுக்கு மொழி புரியவில்லை, ஆனால் அந்தத் துவைக்கிறவளை அவளுக்குத் தெரியும்.

எண்பத்து மூன்று கலவரத்தில் அவளுக்கு ஏழு வயது. ஆட்கள் வந்து லயத்துக்கு நெருப்பு வைத்தபோது, அவளுடைய அம்மா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு றப்பர் காட்டுக்குள் ஓடினாள். இரண்டு பகல் முழுக்க மரங்களுக்கு நடுவே படுத்துக் கிடந்தார்கள். தம்பி அழுதபோதெல்லாம் அம்மா அவன் வாயைப் பொத்தினாள். இரண்டாம் நாள், கீழ்க் கிராமத்துச் சிங்களப் பெண் சீலாவதி, அவித்த பலாக்காயைச் சட்டியோடு கொண்டுவந்து ஒரு மரத்தடியில் வைத்தாள். இவர்கள் கிடந்த பக்கம் ஒரு தடவை கூடத் திரும்பவில்லை. யாராவது கேட்டால், நான் யாரையும் காணவில்லை என்று சத்தியமாகச் சொல்ல வேண்டும் அல்லவா? வைத்துவிட்டு விறகு பொறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டே போய்விட்டாள். அப்படிப்பட்டவர்களைக் கோகிலா பிற்பாடு படங்களில் பார்த்தாள். டாங்கியும் விமானமும் அவளுக்கு வேண்டியதில்லை. சட்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிற ஒரு ஆள் படத்தில் இருக்கிறதா என்றுதான் தேடுவாள். இருந்தால் அது நல்ல படம்.

இப்படி ஒரு பைத்தியம் தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்குத் துணை கிடைத்தது யட்டியாந்தோட்டை பஜாரில். துணிக்கடை நடராஜாவுக்கும் அதே கிறுக்கு. தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போனவள், கல்லாப்பெட்டி பக்கத்தில் கம்ப்யூட்டரில் ஓடிய படத்தைப் பார்த்துச் சேலையை மறந்து நின்றாள். "இந்தக் கெழவன் கடைசியில காட்டிக் குடுத்துருவான், மொதலாளி" என்றாள். "ஏன் சொன்னீங்க! இன்னும் அரை மணித்தியாலம் இருக்கே!" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அன்றைக்குத் தொடங்கியது, வட்ஸ்அப்பில் ஒரு குரூப்பாகி, இப்போது பதினொரு பேர். குரூப்பின் பெயர் மழைப்படம்.

மாவனல்லையிலிருந்து ஸாஹிரா டீச்சர் இருக்கிறார். சரித்திரம் படிப்பிக்கிறவர், எந்த நாடு, எந்த வருசம், யார் யாரோடு என்று விளக்குவார். ருவான்வெல்லையில் திலகரத்ன இருக்கிறார். பட்டாளத்தில் இருந்து ஒரு காலை இழந்து திரும்பினவர். தமிழ் விளங்கும், பேசுவது குறைவு. ஒரு தடவை மட்டும் சிங்களத்தில் சொன்னார்: எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும் இதில் நாற்றம் வருவதில்லை. படங்களின் பெயர்கள் ஒருவர் வாயிலும் நுழையாததால், தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். துவைக்கிற படம், ரொட்டிப் படம், மணியைப் புதைக்கிற படம். நடராஜா எங்கிருந்தோ இறக்கி பென் டிரைவில் போடுவார். அது முதலில் கோகிலாவுக்கு. பிறகு பஸ் கண்டக்டர் கையில் கேகாலைக்கு. அங்கிருந்து ஒவ்வொரு வீடாகச் சுற்றும்.

முதலில் கோகிலாவுக்கு என்று யாரும் தீர்மானம் போடவில்லை. அவள் பார்த்துச் சொன்னால் சரியாக இருந்தது, அவ்வளவுதான். எழுதுவது கையில் வராது என்பதால் குரலில் அனுப்புவாள். "சத்தம் கம்மி. மொத இருவது நிமிசம் ஒண்ணும் நடக்காது, எந்திரிச்சுப் போயிராதீங்க. பட்டினி காட்டுறாங்க, சாப்பிட்டுக்கிட்டே பாக்காதீங்க, பாவம். நடுவுல ஒரு நாய் சாவுது. டீச்சர், நீங்க அந்த எடத்துல தேத்தண்ணி போடப் போயிருங்க." மனுசர்கள் ஆயிரக்கணக்கில் சாகிற படத்தில் நாய்க்கு எச்சரிக்கை விடுகிறாளே என்று நடராஜா கேலி பண்ணுவார். ஆனால் அவரும் அவள் சொல்லாமல் பரிந்துரைப்பதில்லை. அவளுக்கென்று ஒரு கட்டுப்பாடு இருந்தது: கடைசி எழுத்து ஓடி முடியும்வரை பார்க்காத படத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டாள். தோட்டத்தில் அவள் சொல்லை யார் கேட்டார்கள்? கங்காணி கேட்டாரா, கணக்கப்பிள்ளை கேட்டாரா? இந்தப் பதினொரு பேர் கேட்டார்கள். அது அவளுக்குப் பெரிய காரியம்.

அவள் குரல் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில், கேகாலை இராஜகுமாரி அக்காவிடமிருந்து ஒரே ஒரு வரி வரும். எந்தப் படமானாலும் அதே வரி.

"கடைசியில ஆளு வந்துருதா?"

கோகிலாவும் குரலிலேயே ஒரே வரியில் பதில் போடுவாள். வந்துருதுக்கா. இல்லையென்றால், வரலக்கா.

இராஜகுமாரி அக்காவுக்கு அறுபத்து மூன்று வயது. கேகாலையில் தையல்வேலை செய்கிறார். அவருடைய குடும்பமும் ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துத் தோட்டத்துக் குடும்பம்தான். எழுபத்தேழு கலவரத்தில் அடி விழுந்தபோது, இனி இங்கே இருக்க முடியாது என்று வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். தப்பிப் போன இடத்திலேயே யுத்தம் வந்தது. இரண்டாயிரத்து ஒன்பதில், எல்லாம் முடிகிற நேரத்தில், பத்தொன்பது வயது மகன் மதுசனை ஆமிக்காரர்கள் ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். அவன் சன்னலோரம் உட்கார்ந்து கையைக் காட்டினான். அவ்வளவுதான். பதினைந்து வருசம். அக்கா தனியாளாகத் திரும்பி வந்து, கேகாலையில் ஒரு தையல் மெசினோடு உட்கார்ந்தார்.

ஆகவே அந்த ஒரு வரி ஏன் வருகிறது என்று கோகிலாவுக்குத் தெரியும். தெரியும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆள் வராத படத்தை அக்காவால் பார்க்க முடியாது. வருகிற படமென்றால் பார்ப்பார். வராதது என்றால் பென் டிரைவை அப்படியே அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இதில் புரிந்துகொள்ள வேறென்ன இருக்கிறது?

இந்த ஆனி மாசத்தில் அக்காவிடமிருந்து வழக்கமில்லாமல் ஒரு குரல் வந்தது. "தங்கச்சி, வாற ஞாயித்துக்கெழம மகனுக்குப் பொறந்த நாளு. நல்லதா ஒண்ணு பாத்து அனுப்பு."

நடராஜா புதிதாக ஒன்று இறக்கியிருந்தார். செவ்வாய்க்கிழமை காலையில் மழை. கோகிலா எட்டு மணிக்குப் படத்தைப் போட்டாள். குண்டு விழுந்து பாதியாய் நிற்கிற ஒரு நகரம். சிப்பாய்கள் பிடித்துக்கொண்டு போன மகனைத் தேடி ஒரு தாய் புறப்படுகிறாள். கையில் ஒரு கம்பளிச் சட்டை, பாதி பின்னினது. ஒவ்வொரு முகாமாகப் போகிறாள். ஒவ்வொன்றிலும் ஒரு மேசை, ஒரு புத்தகம், ஒரு மனுசன். அடுத்த சன்னலில் கேள் என்கிறான். அடுத்த சன்னலில் நாளைக்கு வா என்கிறான். வரிசையில் நிற்கும்போதெல்லாம் அவள் பின்னுகிறாள். கடைசியில் ஒரு கிழட்டுக் குமாஸ்தா இரக்கப்பட்டு, ஒரு ரயில் நிலையத்தின் பெயரைத் துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுக்கிறான். விடுவிக்கப்பட்டவர்கள் அங்கேதான் வந்து இறங்குகிறார்களாம். அவள் ரயிலில் ஏறிச் சன்னலோரம் உட்கார்ந்து சட்டையின் இரண்டாவது கையையும் பின்னி முடிக்கிறாள். சட்டை முழுசாகிவிட்டது. கோகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் வெளியே வெளிச்சம் அடித்தது.

பத்து மணிக்குள் வானம் வெளுத்து மரம் காய்ந்தால், பிந்தினாலும் வெட்டு உண்டு. கங்காணி விசில் ஊதினார். போகாதவளுக்கு அன்றைக்குப் பேர் இல்லை. மாசத்தில் பாதி நாள் மழையில் போயிருக்கும்போது யார் போகாமல் இருப்பார்கள்? டிவியை அணைத்து, பென் டிரைவைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டு, கத்தியோடு ஓடினாள். படத்தில் இன்னும் இருபது நிமிசம் இருந்தது.

வெட்டு பிந்தினால் எல்லாம் பிந்தும். பால் நிறுத்து முடிய மணி மூன்றைத் தாண்டிவிட்டது. மூன்றரைக்குச் சந்தியில் கேகாலை பஸ். அந்தக் கண்டக்டருக்கு மறுநாளிலிருந்து லீவு. இன்றைக்கு விட்டால் ஞாயிற்றுக்குள் போய்ச் சேராது. பால் வாடையோடு அப்படியே சந்திக்கு ஓடி, பென் டிரைவைக் கொடுத்தாள். கண்டக்டர் சட்டைப் பையில் போட்டுத் தட்டிக்காட்டி, "ஹரி அக்கே, மங் தென்னங்" என்றான். கட்டாயம் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிச் சிரித்தான். பஸ் போனது. அவள் சந்தியில் நின்றபடியே குரூப்புக்குக் குரல் போட்டாள். கம்பளிப் படம், ஒரு தாய், ஒரு சட்டை, நாய் இல்லை.

போனைப் பையில் போடுவதற்குள் அந்த வரி வந்துவிட்டது.

"கடைசியில ஆளு வந்துருதா?"

இன்னும் கடைசியைப் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தது. பார்க்காமல் பேச மாட்டாள் என்று பெயர் வாங்கினவள். அதோடு, அந்தத் தாய் சட்டையைப் பின்னி முடித்துவிட்டாளே? பின்னி முடித்த சட்டைக்கு ஆள் வராமல் எந்தப் படக்காரன் விடுவான்? ஞாயிற்றுக்கிழமை மகனுக்குப் பிறந்தநாள் வேறு. இவ்வளவும் ஒரு நொடியில் மனசில் ஓடியது. வந்துருதுக்கா என்று அனுப்பினாள். அக்கா ஒரு பூப் படம் போட்டார். அதற்கு முன் அவர் பூப் போட்டதே இல்லை.

சனிக்கிழமை பின்னேரம் சாமான் வாங்க பஜாருக்குப் போனவள், நேரே துணிக்கடைக்குப் போய் அந்தக் கடைசித் துண்டை மட்டும் போடச் சொன்னாள். "பாத்த படத்தைத் திருப்பிப் பாக்குறீங்களா? அவ்வளவு நல்லா இருக்கா?" என்று நடராஜா கேட்டார். அவள் கல்லாப்பெட்டி பக்கம் நின்றபடியே பார்த்தாள்.

தாய் அந்த நிலையத்தில் இறங்குகிறாள். மேடையில் ஒரு நீளப் பலகை வாங்கில் உட்காருகிறாள். ரயில்கள் வருகின்றன, ஆட்கள் இறங்குகிறார்கள், கட்டிப் பிடித்து அழுகிறார்கள், போகிறார்கள். நாள் போகிறது. பனி விழுகிறது. அவள் சட்டையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள். கடைசியாக ஒரு ரயில் வந்து நிற்கிறது. கதவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறக்கின்றன. நூறு, இருநூறு பேர் இறங்கி வருகிறார்கள். அவள் மெதுவாக எழுந்து நிற்கிறாள். அதோடு திரை இருட்டிவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றாள் கோகிலா.

"அவ்வளவுதான். வந்தானா இல்லியான்னு சொல்லாம விட்டுட்டாங்க." நடராஜா அவள் முகத்தைப் பார்த்தார். அவர் வியாபாரி, முகம் பார்க்கத் தெரிந்தவர். "நீங்க இதைப் பாக்காமலா வந்துருதுன்னு போட்டீங்க?"

அவள் தலையை ஆட்டினாள்.

"சரி விடுங்க. வரலைன்னும் படம் சொல்லலியே. அந்தம்மா எதுக்கு எந்திரிக்குது? கண்டுக்கிட்டுதான் எந்திரிக்குதுன்னு வச்சுக்கிட்டா, நீங்க சொன்னது சரிதானே?"

அது நல்ல சமாதானம். தோட்டத்துக்கு ஏறுகிற வழியெல்லாம் கோகிலா அதைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். வீட்டுக்கு வந்து போனைத் திறந்தபோது, குரூப்பில் இராஜகுமாரி அக்காவின் குரல் காத்திருந்தது. இத்தனை வருசத்தில் அந்தக் குரலில் அப்படி ஒரு தெம்பை அவள் கேட்டதில்லை. "நம்மள மாதிரியே புள்ளயத் தேடுற அம்மாமாரு நாலு பேர நாளைக்கு வரச் சொல்லிருக்கேன். எல்லாரும் சேந்து பாக்கப் போறோம். நான் இன்னும் போட்டுப் பாக்கல, அவங்களோடயே பாப்போம்னு வச்சிருக்கேன். கோகிலா சொல்லிருச்சு, இதுல புள்ள வந்துரும்னு."

சமாதானம் அதோடு போயிற்று. கோகிலா மூன்று தடவை குரல் பதிந்து மூன்று தடவை அழித்தாள். போனில் அனுப்பினால் அக்கா அதை எங்கே, யார் முன்னால் திறந்து கேட்பாரோ? தன்னுடைய பொய்யை எதற்கு ஒரு இயந்திரம் போய்ச் சொல்ல வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் கேகாலைக்குப் புறப்பட்டாள். பஸ் முழுக்கச் சனம். இரண்டு மணித்தியாலமும் நின்றுகொண்டே போனாள்.

தையல் மெசினை ஓரமாகத் தள்ளி, முன்னறையில் பாய் விரித்திருந்தது. நாலு பெண்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் அறுபது, எழுபது வயது. நல்ல சேலை கட்டியிருந்தார்கள், ஒருத்தி பூவும் வைத்திருந்தாள். டிவிக்கு மேலே மதுசனின் படம். மாலை போடவில்லை. போட அக்கா விடவும் மாட்டார். அக்கா அடுப்படியில் பாற்சோற்றைத் தட்டிச் சமப்படுத்தி, துண்டு போட்டுக்கொண்டிருந்தார்.

"அடியே, நீயே வந்துட்டியா! சொல்லவே இல்லியே. உக்காரு, ஒரு துண்டு தின்னு."

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்ங்க." கோகிலா அடுப்படிக் கதவைச் சாத்தினாள். "நான் அந்தப் படத்தோட கடைசியப் பாக்கலக்கா. விசில் ஊதிட்டாங்க, வெட்டுக்குப் போயிட்டேன். பாக்காமத்தான் வந்துருதுன்னு போட்டேன். பொய் சொல்லிட்டேன்."

அக்காவின் கையில் கத்தி அப்படியே நின்றது. "அப்ப வரலியா?"

"அதுவும் தெரியலக்கா. நேத்துதான் பாத்தேன். ரயில் வருது, ஆளுங்க எறங்குறாங்க. அதோட முடிஞ்சுருது. வந்தானா, வரலியா, ஒண்ணும் சொல்லல. வேணாங்க அக்கா. இதைப் போட வேணாம். ஒங்களால வராத படம் பாக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் இப்படிப் பண்ணிட்டேன்."

"யாரு சொன்னா?"

"என்னாக்கா?"

"என்னால பாக்க முடியாதுன்னு யாரு சொன்னா?" இராஜகுமாரி அக்கா கத்தியைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவில்லை. "நீ அனுப்புனது எல்லாத்தையும் பாத்துருக்கேன். ஒண்ணு விடல. வந்ததும் பாத்தேன், வராததும் பாத்தேன்."

"அப்பறம் எதுக்குக்கா கேப்பீங்க?"

"பதினஞ்சு வருசமா நான் கேக்காத எடம் இருக்கா? ஆபீசு ஆபீசாப் போயிருக்கேன். ஃபாரம் நெறப்பிக் குடுத்துருக்கேன். சாமியாடிக்கிட்டக் கேட்டேன். இருக்கான்னு ஒருத்தன் சொல்ல மாட்டேங்குறான். இல்லன்னும் ஒருத்தன் சொல்ல மாட்டேங்குறான். அடுத்த மாசம் வாங்கம்மா, அடுத்த சன்னலுக்குப் போங்கம்மா. நீ ஒருத்திதான். ஆளு வந்துருதான்னு கேட்டா, வந்துருதும்ப. இல்லாட்டி வரலம்ப. மறுபேச்சு இல்லாம. அந்தக் கேள்விக்கு ஒலகத்துல ஒரு ஆளு நேராப் பதில் சொல்றதைக் காதால கேக்கணும்னுதான் கேட்டேன். படத்துக்காகவா கேட்டேன்?"

கோகிலா சுவரோடு சாய்ந்துவிட்டாள். தன் வாழ்நாளில் அவள் சொன்ன பொய்களெல்லாம் சின்னப் பொய்கள். யாருக்கும் கேடு இல்லாதவை. இந்த ஒரு சொல்லும் அப்படித்தான் என்று நினைத்துச் சந்தியில் நின்று அனுப்பினாள். இந்த மனுசிக்கு மிச்சமிருந்த ஒரே நேர்மையான வாசலில் அதைக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறாள். மன்னிப்புக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது.

அக்கா கையைக் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்தார். "வா. எனக்குச் சொன்ன மாதிரியே அவங்களுக்கும் சொல்லு. நான் வாய் விட்டுச் சொல்லிப்புட்டேன், வந்துரும்னு."

அது அவள் எதிர்பார்க்காத தண்டனை. முன்னறைக்கு வந்து அந்த நாலு பேர் முன்னால் நின்று சொன்னாள். கடைசியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் வந்துவிடும் என்று சொன்னேன். படத்தில் வந்தானா இல்லையா என்று காட்டவில்லை. சொல்லி முடித்தபோது பூ வைத்திருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே தெருவில் மீன்காரன் சிங்களத்தில் கூவிக்கொண்டு போனான்.

நாலு பேரில் மூத்தவள் மூக்காயி. பல் இல்லாத வாயால் மெல்ல, "தெரியாம இருக்குறது நமக்கு என்னா புதுசா" என்றாள். "நடந்து வந்தாச்சு. போடு, பாப்போம்."

படத்தைப் போட்டார்கள். ஒரு முகாமின் மேசையில் குமாஸ்தா புத்தகத்தைப் புரட்டியபோது மூக்காயி, "இவன் இல்லம்பான் பாரு" என்றாள். அடுத்த சன்னலுக்குப் போகச் சொன்னபோது எல்லோரும் சேர்ந்து கசப்பாகச் சிரித்தார்கள். மொழி யாருக்கும் தெரியாது; ஒரு சொல்லும் அவர்களுக்கு விளங்காமல் இல்லை. தாய் சட்டையைப் பின்னி முடித்தபோது பூ வைத்திருந்தவள் மட்டும் அழுதாள். கோகிலா கதவோரத்தில் நின்று பார்த்தாள். உட்காரச் சொன்னார்கள், அவளுக்கு உட்கார மனசு வரவில்லை.

நிலையம் வந்தது. வாங்கு, பனி, மடியில் சட்டை. கடைசி ரயில் வந்து நின்றது. கதவுகள் திறந்தன.

நேற்றுக் கடையில் பார்த்தபோது கோகிலா அந்தத் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அவளுடைய கண் பாயில் இருந்தவர்கள் பக்கம் போனது. ஐந்து பேரில் ஒருவர்கூடத் தாயைப் பார்க்கவில்லை. ஐந்து பேரும் பாயிலிருந்து முன்னால் நகர்ந்து, கழுத்தை நீட்டி, இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியாக. ஒவ்வொரு முகமாக. மூக்காயி கையைக் கண்ணுக்கு மேல் குடை போல் வைத்துக்கொண்டாள். எந்த நாடோ, எந்தக் காலத்து மனுசர்களோ, எல்லோரும் செத்து மண்ணாகியிருப்பார்கள். அந்த நூறு இருநூறு முகத்தில் இவர்கள் யாரைத் தேடினார்கள் என்று கோகிலாவுக்குத் தெரியும். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். திரை இருட்டியது.

இராஜகுமாரி அக்கா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டிக் கோகிலாவைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, கடைசிப் பெட்டியில, அந்தக் கம்பத்துக்கு அந்தாண்ட ஒருத்தரு எறங்குறாரு. நல்ல ஒசரம். மூஞ்சியக் காட்டாமலே போறாரு. திருப்பிப் போடு."

கோகிலா ரிமோட்டை எடுத்துப் படத்தைப் பின்னால் ஓட்டினாள். ரயில் மறுபடியும் வந்து நின்றது. ஐந்து பேரும் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.